எந்த மொழியென்றாலும்

ஒரு நிமிடம் தருவேன்,
தெரிந்த மிருகங்களின் பெயர்களைச் சொல்லுங்கள்
என்றார் டொக்டர் சமோதி
மணிக்கூட்டில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு.
எந்த மொழியென்றாலும் பரவாயில்லை.

மாடு, என்றார் இவர்.
நாய்.
பிறகு காலி வீதியில் பஸ் ஒன்று பிரேக் போடும் சத்தம்.
மாடு.
தெஹிவளையில் நிற்குமே, பெரிசு,
என்று மூக்கடியில் கையை வைத்து ஆட்டினார்.
நான் வாயைத் திறந்தேன்.
டொக்டரின் விரல் மறித்தது:
எடுத்துக் கொடுக்காதேங்கோ. காத்திருங்கோ.

காத்திருந்தோம்.
யானை வரவில்லை.
இரண்டு என்று எழுதினார்,
இரண்டாவது மாட்டைச் சேர்க்காமல்.

முப்பத்தொரு வருசம் புதுக்கடைக் கோட்டில்
முதலியார் என்று கூப்பிட்டார்கள் இவரை.
சாதியில்லை, அங்கே அது
மொழிபெயர்ப்பவரின் பதவிப் பெயர்.
சாட்சி மூச்சு வாங்குமுன்
அவன் தமிழ் சிங்களமாகி நீதவானின் மேசையில் இருக்கும்.
பொய் சொன்னாலும்
பொய்யின் நெளிவு கெடாமல்
மற்றக் கரையில் இறக்கி வைப்பார்.

இப்போது குடை என்றால்: மழைக்குப் பிடிக்கிறது.
சாவி: கதவுக்காரன்.
நேற்று உப்பைக் கேட்க
கடலைக் காட்டினார் ஜன்னலால்.
நான்: இஞ்சாரும்.
இது மட்டும் வருத்தத்தால் இல்லை,
கலியாணம் கட்டின நாளிலிருந்தே அப்படித்தான்.

அடுத்தது படங்கள்.
சீப்பு, உடனே வந்தது.
ஏணிக்கு, ஏறுறது.
மூன்றாவது அட்டையில்
கைபிடி வைத்த ஒரு வாளி,
பள்ளிக்கூடப் பிள்ளை கீறியதுபோல.

நெடுநேரம் பார்த்தார்.
தண்ணி, என்றார். அள்ளுறது.
உதட்டை ஒட்டித் திறந்தார்.
பிறகு சொன்னார்,
சிங்களத்தில், துலக்கமாக:
பால்திய.

டொக்டர் சிரித்துச் சரி போட்டார்.

தமிழில் எழுதினால் இப்படித்தான் எழுதலாம்.
முதல் ஒலி எப்படி என்று
எங்கள் பகரம் காட்டாது.
உதடுதான் காட்டும்.

எண்பத்து மூன்று யூலை.
பம்பலப்பிட்டியில் பஸ்ஸை மறித்து
தேத்தண்ணிக் கடை வாளியைத் தூக்கிக் காட்டி
ஒவ்வொருவராய்க் கேட்டார்களாம், இது என்ன.
இவர் சொன்னார். போ என்றார்கள்.
பின்னால் டிபன் கரியரோடு நின்ற மனுசனின் உதடு
சரியாக ஒட்டவில்லை.
நான் திரும்பிப் பார்க்கேல்லை, செல்வமலர்,
என்றார் அன்றிரவு.
என் பெயரைச் சொல்லிச் சொன்னது
அந்த ஒருதரந்தான்.

அதற்குப் பிறகு அந்தச் சொல்
இவர் வாயில் ஏறவில்லை.
கிணற்றடிச் சண்டை வழக்கொன்றில்
வாளியால் அடித்தான் என்று சாட்சி சொல்ல
இவர் நிறுத்தி, தண்ணீர் குடித்து,
பாத்திரம் என்று மாற்றினார்.
முப்பத்தொரு வருசத்தில்
இவர் பிழையாகச் சொன்னது அதுதான்.
பாத்திரமென்றே பதிவாகி
எங்கேயோ ஒரு கோப்பில் கிடக்கும்.

யானை போய்விட்டது.
பிள்ளைகளின் பெயர்கள் மாறி மாறி வருகின்றன.
மறந்தால் நல்லது என்று
நாற்பது வருசமாய் இருவரும் வாய்மூடி வைத்த சொல்
ஒரு தேய்வுமில்லாமல் கிடக்கிறது.
டொக்டருக்கு இதை எப்படி மொழிபெயர்ப்பது?
நன்றி என்றேன். மருந்துச் சீட்டை வாங்கினேன்.

பின்னேரம் வெள்ளவத்தை வீட்டில்
பைப்பைத் திறந்துவிட்டு மறந்திருக்கிறேன்.
ரயில் போய் ஓய்ந்ததும்
குளியலறையில் வழிகிற சத்தம்.
இவர் வாசலில் நின்று விரலை நீட்டினார்.
அது, என்றார். இஞ்சாரும், அது.
உதடு இரண்டும் நெருங்கி வந்தன.

காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள்.
நான் காத்திருக்கவில்லை.
ஓம், அதுதான், என்று சொல்லி
ஓடிப்போய்ப் பைப்பை மூடினேன்.